தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டு

பழந்தோழரை நினைந்த பாட்டென்று புறநானூற்றின் 243ஆம் செய்யுளைப் போற்றுவாருளர். மணற்பாவைக்குப் பூச்சூட்டியதையும், நீரருகே தாழ்ந்த மருதக் கிளையிலேறிக் கரையிலுள்ளார் மருள ஆழ்மடுவிற் குதித்து அடிமணல் அள்ளி வந்ததையும், இருமலுக்கிடையே தண்டூன்றி நிற்கும் முதியவர் எண்ணி இரங்குகிறார். அத்தண்டைக் குறித்த தொடரே புலவர்க்குப் பெயருமாயிற்று, இயற்பெயர் மறைந்தது.

தோழமைப் பாட்டென்பது முற்றும் பொருந்துமாறில்லை. வஞ்சமறியாத் தோழர் கூட்டம் வருகின்றது. ஆயின் ஒருவர் பெயர்தானும் இல்லை. அவர் இன்று எங்குளர் என்ற வினாவும் எழவில்லை. இளமை எங்குற்றது என்பதொன்றே வினா. இறந்தார்க்கு இரங்கும் கையறுநிலைத் துறையில் இதனை அடக்கினோர் நுட்பம் வியக்கத்தக்கது. ஈண்டு இறந்துபட்டது இளமையே.

மாணவப் பருவத்திற் படிக்கையில் அக்குதிப்பொன்றே நம் மனத்தைக் கவரும். நாற்பதைக் கடந்தபின் படிப்போர் காண்பது வேறொன்று. குதிப்புக்கும் ஊன்றுகோலுக்கும் இடையே கழிந்த ஆண்டுகளைப் பற்றிப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. வினையில்லை, பொருளில்லை, மனையில்லை, மக்களில்லை. பல்லாண்டு கழித்துச் சந்திக்கும் பள்ளித்தோழர் ஒருவரையொருவர் முதலில் வினவிக்கொள்வன இவையே; முதியவர் நினைவிலோ இவற்றுக்கு இடமில்லை.