குடம் தூக்கும் தோளுக்கு என்ன பெயர்?

வடசென்னைக் கடலோரத்தைக் களமாகக் கொண்ட இரண்டு குத்துச்சண்டைப் படங்கள் தமிழில் பரவலாகப் பேசப்பட்டன. ஒன்று, 2016இல் வந்த சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’. மற்றொன்று, 2021இல் வந்த பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’. முதல் படத்தில் மீன் விற்கும் ஒரு பெண் உலகச் சாம்பியன் ஆகிறாள். இரண்டாவதில் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவன் தன் பரம்பரையின் மானத்தை மீட்கிறான். இரண்டு படங்களும் சொல்லும் நீதி ஒன்றுதான்: உன்னை நீ நம்பு, விடாமல் பயிற்சி எடு, உடம்பு வலுவாகும், வெற்றி தேடி வரும்.

இந்த நீதியைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. பயிற்சிக்கூடத்தில் வியர்வை சிந்திய எவருக்கும் அது தெரியும். ஆனால் நம்பிக்கையும் விடாமுயற்சியும் காற்றில் விளைவதில்லை. அவற்றுக்குச் சோறு வேண்டும், தூக்கம் வேண்டும், கையில் வேறு வேலையில்லாத ஒரு மணி நேரம் வேண்டும். இவற்றை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியோடு இந்தப் படங்களைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘சார்பட்டா’வில் ஆண் உடலின் கதை மிகத் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கபிலன் கூலித் தொழிலாளி. அவனுடைய தோளும் முதுகும் துறைமுகச் சுமையில் உரமேறியவை. உழைக்கும் சாதியின் உடலை அவமானத்துக்குரியதாகவே பார்த்துப் பழகிய தமிழ்த் திரைக்கு, அதைக் கம்பீரமாகக் காட்டியது பெரிய காரியம். நெருக்கடி நிலைக் காலத்தில் கபிலன் சிறைக்குப் போகிறான், சாராயத்தில் விழுகிறான், தொப்பை போடுகிறான், உடலை இழக்கிறான். பிறகு பீடி ராயப்பனிடம் போய்க் கடற்கரையில் அந்த உடலை மறுபடியும் கட்டி எழுப்புகிறான். படத்தின் உயிர் அந்த மீட்பில்தான் இருக்கிறது.

அந்த மீட்பு நடக்கும் நாட்களில் கபிலனின் வீடு எப்படி ஓடியது என்று கேட்டால் படத்திடம் பதில் குறைவு. தாய் பாக்கியம், மனைவி மாரியம்மா இருவரும் வழக்கமான தமிழ்ப் படத்துப் பெண்களைவிட எவ்வளவோ உயிருள்ளவர்கள். தனக்குச் சேர வேண்டிய அன்பையும் மரியாதையையும் மாரியம்மா சண்டை போட்டுக் கேட்கிறாள். கணவனைக் குத்துச்சண்டையின் பின்விளைவுக்குப் பறிகொடுத்த பாக்கியம், மகனை அதிலிருந்து விலக்கப் பார்க்கிறாள். அவன் சீரழிந்த பிறகு அவளே அவனை அதனிடம் திருப்பி அனுப்புகிறாள். இரண்டு பெண்களின் மன உறுதியையும் படம் அறிந்திருக்கிறது. அவர்களுடைய உடல் உறுதியை மட்டும் அது கவனிக்கவில்லை. கபிலன் மணலில் ஓடும்போது கேமரா அவன் தசையை எண்ணுகிறது. அவன் ஓடுவதற்காக அடுப்பு மூட்டிய கைகளில் தசை உண்டா என்று அது பார்ப்பதில்லை.

‘இறுதிச்சுற்று’ இந்த இடத்தை நிரப்பியிருக்க வேண்டிய படம். சில விஷயங்களை அது மிகச் சரியாகப் பிடித்திருக்கிறது. பயிற்சியாளர் பிரபு, மதியைப் பயிற்சிக்கு வரவழைக்கப் பணம் தருகிறார். ஏழை வீட்டுப் பெண்ணுக்குப் பயிற்சி நேரம் என்பது கூலியிழந்த நேரம் என்பதை ஒத்துக்கொண்ட விளையாட்டுப் படங்கள் அபூர்வம். மதியின் அக்கா லக்ஸ் பாக்ஸிங் கற்பது விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை வாங்க. பதக்கத்தை ஒரு ரேஷன் அட்டைபோலப் பார்க்கும் குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. மதியாக நடித்த ரித்திகா சிங் நிஜத்திலேயே சண்டைக் கலை பயின்றவர் என்பதால், திரையில் அவர் விடும் குத்தில் எடை இருக்கிறது.

ஆனால் மதியின் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று படம் சொல்லும் கதையில்தான் கோளாறு. அவளுடைய திறமையைக் கண்டுபிடிப்பவர் ஆண். அவளை நம்புபவர் ஆண். அவள் விடாமல் முயல்வதற்குக் காரணமும் அந்த ஆண் மேல் வந்த காதல். அக்காவோ பொறாமைக்காரியாகச் சுருங்கிப் போகிறாள். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் குத்துச்சண்டை பழகினால் ஒருவர் மற்றவருக்கு எதிரியாகத்தான் இருக்க முடியும் என்று படம் முடிவு கட்டிவிடுகிறது. மீன் கூடை தூக்கிய உடம்பு அவளுக்கு ஏற்கெனவே என்ன கற்றுக்கொடுத்தது என்பது பேச்சிலேயே இல்லை. கபிலனின் மூட்டைக்குக் கிடைத்த மரியாதை மதியின் கூடைக்குக் கிடைக்கவில்லை.

உடல் எப்படி வலுவாகிறது என்பதைக் கொஞ்சம் பச்சையாகவே பேசிவிடலாம். தசைக்குப் பளு வேண்டும். அந்தப் பளு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். பளு தூக்கிய பிறகு ஓய்வு வேண்டும், ஏனென்றால் தசை வளர்வது ஓய்வில்தான். வளர்வதற்குப் புரதம் வேண்டும். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கண்ணாடியில் மாற்றம் தெரியாது. ஆனாலும் தூக்கும் எடை கூடும், ஏனென்றால் முதலில் பழகுவது நரம்புகள். இருக்கிற தசையை முழுதாக வேலை வாங்க அவை கற்றுக்கொள்கின்றன. விடாமுயற்சிக்கு உண்மையான வேலை இந்த வாரங்களில்தான். ஒன்றும் மாறவில்லையே என்று கண் சொல்லும் நாட்களில் மறுபடியும் போய் நிற்பதற்குத் தன்மேல் ஒரு பிடிப்பு வேண்டும்.

அந்தப் பிடிப்பு எங்கிருந்து வருகிறது? ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கையைப் பற்றி உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். அதற்கு நான்கு ஊற்றுகள் உண்டு என்றார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்து உடல், மன நிலை. இவற்றில் வலிமையானது முதலாவது. வெறும் ஊக்கப் பேச்சு அதைவிட எவ்வளவோ பலவீனமானது. நம் படங்களோ மூன்றாவதைத்தான் முதலிடத்தில் வைக்கின்றன. வாத்தியார் ஒரு வசனம் பேசுவார், இசை ஏறும், உடல் எழுந்துவிடும். உண்மையில் நேற்றுத் தூக்க முடியாததை இன்று தூக்கிவிட்டோம் என்ற சின்ன அனுபவம்தான் நாளைக்கான நம்பிக்கையைத் தருகிறது. நம்பிக்கை உடலை வளர்க்கிறது. உடலும் நம்பிக்கையை வளர்க்கிறது. இந்தச் சுழல் எங்காவது தொடங்க ஒரு வாய்ப்பு வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அறிவோடு இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடந்து பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் குடத்தில் பதினைந்து லிட்டர் தண்ணீர் பிடித்தால் எடை 15 கிலோ. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்றால் 30 கிலோ. ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி வீடு. லாரி வந்த நாளில் நான்கு நடை ஏறினால் 120 கிலோ மேலே போய்விடுகிறது. காசிமேட்டில் விடியும் முன்பே ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்ட அன்னக்கூடையைத் தலைக்கு ஏற்றுகிறவர்களின் கழுத்தையும் முதுகையும் பார்த்தவர்களுக்குப் ‘பெண் மென்மையானவள்’ என்ற வாசகம் யாருடைய வீட்டில் எழுதப்பட்டது என்று புரிந்துவிடும்.

பளு இருக்கிறது. ஆண்டுக்கணக்கான விடாமுயற்சியும் இருக்கிறது. பிறகு ஏன் இந்த உடல்கள் நாற்பது வயதில் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறுகின்றன? ஏனென்றால் இந்தப் பளுவுக்கு ஓய்வு இல்லை, ஊட்டமும் இல்லை. தினமும் அதே எடையை அதே இடுப்பில் தூக்கினால் உடல் ஓரளவுக்கு மேல் வலுவாகாது, தேயும். 2019இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்கு 299 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது. இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் பொருள் குறைவாக இருக்கிற உடம்பிடம் ‘இன்னும் ஒரு முறை, உன்னால் முடியும்’ என்று சொல்வது ஊக்கமாகாது. எல்லாரும் தின்ற பிறகு மிஞ்சினதைத் தின்னும் வழக்கத்தை மாற்றாமல், அவளுடைய மனதைக் குறை சொல்வது அது.

ஊரின் காற்றும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறலோடு மக்கள் தெருவுக்கு ஓடினார்கள். அதே மாதம்தான் மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. காலையில் எழுந்து ஓடு, நன்றாக மூச்சை இழு என்ற அறிவுரை இந்தக் கரையில் வேறு அர்த்தம் பெறுகிறது.

இவ்வளவையும் மீறிப் பயிற்சிக்கூடம் வரை வந்து சேர்கிற பெண்ணுக்கு என்ன நடக்கிறது? அதற்குப் புனைகதையைவிட ஓர் ஆவணப்படம் உதவுகிறது. ‘லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை’ என்ற அந்தப் படம் 2013இல் வந்தது. நார்வேயைச் சேர்ந்த இரண்டு பெண்கள் இயக்கியது. அது சென்னையைச் சேர்ந்த தலித் குத்துச்சண்டை வீராங்கனை துளசியைப் பின்தொடர்கிறது. வீட்டை விட்டு வெளியேறியவர், அரசு வேலை ஒன்றை நம்பிக் குத்துச்சண்டையைப் பற்றிக்கொண்டவர், சங்க நிர்வாகியின் மேல் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தவர். அவருக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. விடாமுயற்சியும் திகட்டத் திகட்ட இருக்கிறது. அவர் மோதுவது எதிராளியோடு மட்டும் இல்லை. யார் ஆட வேண்டும், யாருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதைக் கையில் வைத்திருக்கும் நிர்வாகத்தோடும் மோதுகிறார். அந்த மோதலில் தசை எந்த உதவியும் செய்யாது.

இதை அருகில் வைத்துப் பார்த்தால் ‘இறுதிச்சுற்று’ செய்த ஒரு தேர்வு உறுத்துகிறது. அந்தப் படமும் சங்கத் தலைமையின் பாலியல் சுரண்டலைக் காட்டுகிறது. ஆனால் படம் தொடங்குவதோ கதாநாயகன் மேல் சுமத்தப்படும் பொய்யான பாலியல் புகாரில். புகார் கொடுத்த பெண்ணின் கதை ஒரு பக்கம் நிஜத்தில் இருக்க, பொய்ப் புகாரால் பாதிக்கப்பட்ட ஆணின் கதையைத்தான் திரை முதலில் சொல்லத் துணிகிறது. பெண்ணுடைய உடலைக் கொண்டாடும் படம் பெண்ணுடைய சொல்லைச் சந்தேகத்தோடு தொடங்கி வைக்கிறது.

அப்படியானால் தன்னம்பிக்கை என்று ஒன்று வேண்டவே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், அதுவும் பெண்ணுக்குக் கூடுதலாகவே வேண்டும். ஆண் வலுவாகும்போது ஊர் கை தட்டுகிறது. பெண்ணின் தோள் அகலமானால் “ஆம்பள மாதிரி ஆயிட்டியே, யாரு கட்டிக்குவான்?” என்கிறது. தண்டால் எடுக்கும் பெண் தன் எடையோடு இந்தச் சொல்லின் எடையையும் சேர்த்துத் தூக்குகிறாள். ஆகவே அவளுக்குத் தேவைப்படும் தன்னம்பிக்கை ‘என்னால் முடியும்’ என்பதோடு நிற்பதில்லை. ‘நான் வலுவாக இருக்கலாம், வலுவாக இருப்பதாகப் பிறர் கண்ணுக்குத் தெரியலாம்’ என்பதையும் அவள் தனக்குத் தானே அனுமதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டு வேலையில் தேய்வதற்கு உடம்பைக் கொடுத்துப் பழகியவள், தனக்காக உடம்பை வளர்க்கலாம் என்று நினைப்பதே பெரிய மீறல்.

கதவுகள் திறந்த வரலாறும் இதைத்தான் சொல்கிறது. பளுதூக்குதல் 1896இலேயே ஒலிம்பிக்கில் இருந்தது. பெண்களுக்கு அது கிடைக்க 2000 வரை ஆயிற்று. கிடைத்த அந்த முதல் முறையே சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். பெண்கள் குத்துச்சண்டை 2012 லண்டனில்தான் ஒலிம்பிக் போட்டியாயிற்று. அந்த முதல் முறையிலேயே மேரி கோம் வெண்கலத்தோடு திரும்பினார். கதவு மூடியிருந்த நூறு ஆண்டுகளிலும் தன்னை நம்பிய பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்களுடைய நம்பிக்கையை அளக்க ஒரு மேடை இருக்கவில்லை.

கபிலனின் காலத்து இராயபுரத்தில் ஒரு மாரியம்மா கையுறை மாட்டியிருந்தால் அவளை எந்தப் பரம்பரை சேர்த்துக்கொண்டிருக்கும்? அதைக் கேட்கும் படம் இன்னும் வரவில்லை. வந்தால் அதில் பயிற்சிக் காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு ரசிகையாக எனக்கு ஆசை உண்டு. அவள் குடத்தைக் கீழே வைக்கிறாள். அதை வேறு ஒருவர், வீட்டு ஆண் ஒருவர், எடுத்து மாடி ஏறுகிறார். அவளுக்கு இரண்டு முட்டை முதலில் பரிமாறப்படுகிறது. தெருவிளக்கு எரிகிறது. மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறது. அவளோடு அவள் அக்காவும் ஓடுகிறாள். அதற்குப் பிறகு எந்த வாத்தியார் வேண்டுமானாலும் வந்து வசனம் பேசட்டும்.