கரிசலுக்கு எந்த ஃபில்டர்?

மண் ஈரம் பார்க்க ஆர்டுயினோ ஊனோவில் கெப்பாசிட்டிவ் சென்சாரை மாட்டுகிறவர்கள் முதலில் எழுதுவது நகரும் சராசரி. கோவில்பட்டிக் கரிசலுக்கு அது ஆகாது.

சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏடிசி தரும் எண் 0 முதல் 1023 வரை. 500-ல் நிற்கும் அளவு, கிணற்று மோட்டார் கிளம்பும்போது ஒரே முறை 1023-க்குத் துள்ளுகிறது என்று வையுங்கள். கடைசி 16 அளவுகளின் சராசரி 33 எண் ஏறி, அந்தத் துள்ளல் வெளியேறும்வரை இறங்காது. ஒரு பொய்யைப் பதினாறு பேருக்குப் பங்குவைத்ததுதான் மிச்சம்.

எக்ஸ்பொனென்ஷியல் முறை சிக்கனமானது. புது அளவுக்கும் பழைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் எட்டில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டே போகும். 2 கேபி ராமில் இரண்டு பைட் போதும். ஆனால் முழு எண்ணில் எழுதினால், வித்தியாசம் 7-க்கு வந்ததும் வகுத்தல் பூஜ்யமாகி மதிப்பு அங்கேயே உறைந்துவிடும். எட்டு மடங்காகச் சேமித்து, காட்டும்போது மட்டும் வகுத்தால் இது தீரும். தாமதம் தீராது. கால் மணிக்கு ஓர் அளவு என்றால், மாற்றத்தில் 95 சதவீதத்தை எட்ட 23 அளவுகள், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆகும்.

கால்மன் ஃபில்டரா? ஒரே சென்சார், மாறாத இரைச்சல், மண்ணைப் பற்றி வேறு கணக்கு எதுவும் இல்லை என்றால், சில சுற்றுகளில் அதுவும் இதே எக்ஸ்பொனென்ஷியலாகவே வந்து நிற்கும். பெயர்தான் பெரிது.

என் ஓட்டு இடைநிலை அளவுக்கு. நொடிக்கு ஒன்றாக ஐந்து அளவு எடுத்து, வரிசைப்படுத்தி, நடு எண்ணை மட்டும் வைத்துக்கொள்வது. இரண்டு துள்ளல் வந்தாலும் அசையாது. இரண்டு மூன்று எண் ஆட்டம் மிஞ்சும். மிஞ்சட்டும், அந்தத் துல்லியம் பார்த்து யாரும் பருத்தி ஊன்றுவதில்லை.

ஆனால் அந்த ஐந்தும் ஐந்து நொடிக்குள் முடிய வேண்டும். கால் மணி அளவுகள் ஐந்துக்கு நடு எண் எடுத்தால் கரிசல் நம்மை ஏமாற்றிவிடும். கோடையில் பாளம் பாளமாக வெடித்த மண்ணில் முதல் மழை வெடிப்பு வழியே நேராக இறங்குகிறது. 10 செ.மீ. ஆழத்துச் சென்சார் சும்மா இருக்க, 30 செ.மீ.-ல் இருப்பது காட்டும் ஈரம் திடீரென ஏறி, அரை மணியில் இறங்கவும் கூடும். அது இரைச்சல் அல்ல, மழை போன வழி. மழைக்கு முன்பே விதைக்கும் புழுதி விதைப்பில் விதை மேல்மண்ணில் காத்துக் கிடக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டிப் போய்விட்டதா என்று சொல்வது அந்த ஏற்றம்தான்.

எந்த ஃபில்டராலும் ஆகாதது ஒன்று உண்டு. சென்சார் ஓரமாகவே வெடிப்பு விழுந்தால் அது அளப்பது காற்றை. மின்கடத்தா மாறிலி நீருக்குச் சுமார் 80, காற்றுக்கு 1. பக்கத்துக் கட்டியில் ஈரம் இருந்தாலும் வாரக்கணக்கில் ஆடாமல் அசையாமல் ‘காய்ந்துவிட்டது’ என்றே காட்டும். ஒரே ஆழத்தில் வைத்த இரண்டு சென்சார்கள் முரண்பட்டால் சராசரி எடுக்கக் கூடாது. மண்வெட்டியோடு போய்ப் பார்க்க வேண்டும்.