புலிகளை எண்ணும் கணிதம்

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தியப் புலிகளின் எண்ணிக்கை செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. 2018இல் 2,967, 2022இல் 3,682. யாரும் புலிகளை நிற்கவைத்து எண்ணவில்லை. வனப் பணியாளர்கள் காட்டில் திரட்டிய தரவும், அதன்மேல் எழுப்பிய கணித மாதிரியும் சேர்ந்து தரும் மதிப்பீடு இது. இந்த முறையை நான் ஆதரிக்கிறேன். அதன் முடிவை நாம் ஒற்றை எண்ணாகச் சுருக்கிக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

1972இல் நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு, காலடித் தடங்களை வைத்து 1,827 புலிகள் என்றது. தடத்தைக் கண்ணாடியில் வரைந்தும் பாரிஸ் சாந்தில் அச்செடுத்தும், இது இந்தப் புலி, அது அந்தப் புலி என்று பிரித்தார்கள். ஈர மண்ணில் ஒரு மாதிரியும் மணலில் வேறு மாதிரியும் பதியும் ஒரே புலியின் கால், இரண்டு புலிகளாகக் கணக்கில் ஏற இடமிருந்தது. அதைவிடப் பெரிய குறை, கண்ணில் படாத புலியைப் பற்றிச் சொல்ல அந்த முறையிடம் எதுவும் இல்லாதது. ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டில் புலிகள் இருந்தன. 2005இல் தேடியபோது காட்டில் ஒன்றுகூட இல்லை.

கணிதம் கைகொடுத்தது இங்கேதான். நாகரஹொளெ காட்டில் 1990களின் தொடக்கத்தில் வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் தானியங்கி கேமராக்களையும், பிடித்து மறுபடி பிடிக்கும் கணக்கையும் புலி ஆய்வுக்குக் கொண்டுவந்தார். முதல் சுற்றில் 20 புலிகள் படத்தில் விழுகின்றன என்று கொள்வோம். அடுத்த சுற்றில் 15 விழுகின்றன. உடல் வரிகளை ஒப்பிட்டால், அவற்றில் 10 ஏற்கெனவே பார்த்தவை. ஆக, காட்டிலுள்ள புலிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முதல் சுற்றிலேயே அகப்பட்டிருக்கிறது. மொத்தம் சுமார் 30 இருக்க வேண்டும். பார்த்ததை வைத்துப் பார்க்காததையும் அளக்கும் இந்தக் கணக்கு, 'நம் கண்ணுக்குத் தப்பியவை உண்டு' என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறது. இதன் வலிமையே அதுதான். புலியின் இடப்பக்க வரிகள் வலப்பக்கத்தில் இருப்பதில்லை என்பதால், பாதையின் இருபுறமும் எதிரெதிராகக் கேமரா கட்டுவார்கள். ஒன்றை யானை பிடுங்கி எறிந்தாலும், அந்தப் பக்கத்துப் படங்கள் கிடைக்காமல் போய், அடையாளம் காண்பதில் ஓட்டை விழும். களத்தில் விழும் ஓட்டையை எந்தச் சூத்திரத்தாலும் முழுதாக அடைக்க முடியாது.

நாடு முழுவதும் கேமரா கட்ட முடியாது என்பதால் 2006 முதல் இருகட்ட முறை வந்தது. வனக்காப்பாளர்கள் தங்கள் காவல் சுற்றில் நடந்து தடம், எச்சம், நகக்கீறல் ஆகியவற்றைப் பதிவார்கள். சில இடங்களில் மட்டும் கேமரா வைத்து, இத்தனை அறிகுறிகளுக்கு இத்தனை புலிகள் என்ற உறவைக் கண்டு, கேமரா இல்லாத காடுகளுக்கும் அதைப் பொருத்துவார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வு அந்த உறவு மிக நெருக்கமானது என்றது. அர்ஜுன் கோபாலசாமி, காரந்த் உள்ளிட்டோர் 2015இல் அதை மறுத்தார்கள்: அறிகுறி கண்ணில் படும் வாய்ப்பு இடத்துக்கு இடம் மாறும்போது அத்தனை நெருக்கமான உறவு கிடைக்க வழியில்லை. இந்திய வனவிலங்கு நிறுவன ஆய்வாளர்கள் பதில் எழுதினார்கள். என் பார்வையில் மறுத்தவர்கள் பக்கமே நியாயம் கூடுதல். உண்ணிச்செடி மண்டிய காட்டில், முந்திய இரவு மழை பெய்திருந்தால், புலி நடந்த பாதையிலும் தடம் கிடைக்காது. தடம் இல்லை என்பதும் புலி இல்லை என்பதும் ஒன்றாகாது.

இந்தச் சர்ச்சையைத் தணித்தது புதிய சூத்திரமல்ல, கூடுதல் களப்பணி. 2018இல் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். மூன்றரைக் கோடிக்கு நெருக்கமான படங்களில் புலி இருந்தவை 76,651 மட்டுமே. அவற்றிலிருந்து 2,461 புலிகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். மதிப்பீட்டில் 83 விழுக்காடு நேரடிப் படச் சான்று. ஊகத்துக்கு விட்ட பங்கு சிறியது. நம்பத்தக்க வேலை இது.

ஆனாலும் 2006இன் 1,411ஐ 2018இன் 2,967உடன் நேராக ஒப்பிட்டு, புலிகள் இரட்டிப்பாகிவிட்டன என்று சொல்லக் கூடாது. 2006 கணக்கில் சுந்தரவனம் சேரவில்லை. பிறகு ஆய்வுப் பரப்பும் விரிந்தது; கேமராக்களும் பெருகின. அதிகமாகத் தேடினால் அதிகமாகக் கிடைக்கும். பெருக்கத்தில் எவ்வளவு காட்டில் நடந்தது, எவ்வளவு தேடலால் வந்தது என்று பிரித்துச் சொல்லாத ஒப்பீடு நிர்வாகத்துக்குப் பாராட்டு வாங்கித் தரலாம், புலிக்கு உதவாது. முதுமலையிலோ சத்தியமங்கலத்திலோ வழித்தடத்தைக் காப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவருக்கு தேசிய மொத்தத்தைவிட, அந்தக் காட்டில் ஆண்டுதோறும் எந்தப் புலி தங்கியது, எது மறைந்தது என்ற விவரமே பயன்படும்.

2018 மதிப்பீட்டின் எல்லை 2,603 முதல் 3,346 வரை. 2022இல் 3,167 முதல் 3,925 வரை. இரண்டு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. புலிகள் கூடியிருக்க வாய்ப்பு அதிகம். சரியாக 715 கூடின என்று அடித்துச் சொல்ல இந்தத் தரவு இடம் தரவில்லை. அறிக்கையில் அச்சாகும் இந்த எல்லைகளைச் செய்தித்தாள்கள் தலைப்பிலேயே போட வேண்டும். படங்களையும் களப்பதிவுகளையும், வேட்டைக்காரர்களுக்கு இடம் காட்டிக்கொடுக்காத வகையில், வெளி ஆய்வாளர்கள் சரிபார்க்க அரசு திறந்துவிட வேண்டும்.