திரைக்குப் பின்னுள்ள தோல்: ‘கோட்சில்லா’வும் ‘காடு’ படமும்

திரைப்பட உருவாக்கம் பற்றிய துணுக்குச் செய்திகள் தமிழ்த் திரைப்பட ஆய்வில் பெரும்பாலும் சுவைக்காகவே எடுத்தாளப்படுகின்றன. பொருள்கோளுக்குரிய சான்றுகளாகக் கொள்ளப்படுவதில்லை. தோஹோ நிறுவனம் 1954 நவம்பரில் வெளியிட்ட, இஷிரோ ஹோண்டா இயக்கிய ‘கோட்சில்லா’ இப்போக்கின் குறையைப் புலப்படுத்துகிறது.

அப்படத்தின் உறுமலுக்கு உண்மையான விலங்கொலிகள் பொருந்தவில்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனைப்படி, டபுள் பேஸ் கருவியின் தளர்த்திய நரம்பின்மீது பிசின் பூசிய தோல் கையுறையை இழுத்து எழுப்பிய ஒலி பதிவுசெய்யப்பட்டு, வேகம் மாற்றப்பட்டது. இச்செய்தி இசையமைப்பாளரின் மேதைமைக்குச் சான்றாகவே மீண்டும் மீண்டும் கூறப்படுகிறது. கையுறை வெறும் கருவியாக நின்றுவிடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்திலிருந்து நோக்கும் வாசிப்பு இவ்வளவில் அமையாது. சுண்ணாம்பில் ஊறி, மயிரும் சதையும் நீங்கி, முன்னர் ஆவாரம்பட்டையும் பின்னர் குரோமியமும் ஏறிப் பதப்பட்ட தோல், விலங்கின் அடையாளம் முற்றும் களையப்பட்ட பொருள். அதுவே திரையில் விலங்கின் குரலாக மீள்கிறது. இது தற்செயலே; ஆயினும் பொருளற்றதன்று.

ஏனெனில் கோட்சில்லாவின் உடலும் வேதியியலால் சிதைந்த உடலாகும். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் நிகழ்ந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சுச் சாம்பல், ‘லக்கி டிராகன்’ என்னும் ஜப்பானிய மீன்பிடிப் படகின்மீது படிந்தது. படத்தின் தோற்றுவாய் இந்நிகழ்வே. விலங்கின் மேற்தோல் கதிர்வீச்சுத் தழும்புகளை நினைவூட்டுகிறது. அத்தோலாகிய ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள உடைக்குள் ஹருவோ நகாஜிமா வெப்பத்தில் வெந்தவாறு நடந்தார். (மேதைமைக் கதைகளில் இவ்வுழைப்புக்குக் கிட்டும் இடம் சிறிது.) தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டதை முன்னிட்டு, மாசுபடுத்துவோரே இழப்பீடு தரவேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த நிலப்பகுதியில், நஞ்சேறிய நீரிலிருந்து எழும் உயிர் அயல்நாட்டுக் கற்பனையாக மட்டும் தோன்றாது.

இரண்டாண்டுகள் முன்னதாக, 1952இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனமொன்றுடன் இணைந்து எடுத்த ‘காடு’ படத்திலும் ஒரு போர்வை உண்டு. யானைகளுக்கு மயிர்ப்போர்வை அணிவித்து அவற்றை மாமூத்துகளாக்கினர். பொருட்செலவையும் தொழில்நுட்பத்தையும் காட்டி இப்படம் எளிதில் ஒதுக்கப்படுகிறது, குறை அங்கில்லை. மாமூத்தின் வருகைக்கு எந்த மனிதச் செயலும் பொறுப்பேற்பதில்லை. எனவே அப்போர்வை வியப்பைத் தருகிறதே தவிர, எவரையும் குற்றஞ்சாட்டுவதில்லை.