கயிறு யார் கையில் இருந்தது?

ஆல்பர்ட் ஷ்பேரின் 'இன்சைட் த தேர்ட் ரைக்' நூலை முடிக்கும்போது அவர்மேல் லேசாக ஒரு இரக்கம் வந்துவிடும். அந்த இரக்கத்தை வரவழைக்கத்தான் நூலே எழுதப்பட்டது என்று நினைக்கிறேன்.

ஹிட்லரின் கட்டடக் கலைஞர். 1942 பிப்ரவரியில் ஃப்ரிட்ஸ் டோட் விமான விபத்தில் இறந்ததும் அந்த இடத்தில் ஆயுத அமைச்சர். 1946இல் நியூரம்பர்க் தீர்ப்பு: 20 ஆண்டு சிறை. 1966இல் விடுதலை, 1969இல் ஜெர்மனில் இந்த நூல். ஆட்சியில் இருந்தேன், ஆகவே எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்கிறார். யூதர்களைக் கொன்றது தெரியுமா என்றால் மட்டும், தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று நழுவுகிறார். மொத்தமாக ஒப்புக்கொண்டு, தனித்தனியாகத் தப்பிக்கிறார்.

ஐடியில் இருக்கும் நமக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பழக்கம். 'ரெக்வயர்மென்ட் வந்துச்சு, செஞ்சு கொடுத்தேன், அவ்ளோதான்.' ஆனால் ஷ்பேர் ரெக்வயர்மென்ட் கொடுத்தவர். தொழிற்சாலைகளுக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டது அவர். ஐரோப்பா முழுக்க ஆள் பிடித்து வந்தது ஃப்ரிட்ஸ் ஸௌக்கெல். பிடித்தவருக்குத் தூக்கு, கேட்டவருக்கு 20 வருஷம். கைதிகள் நிலத்தடியில் ராக்கெட் செய்து செத்துக்கொண்டிருந்த டோரா முகாமுக்கு 1943 டிசம்பரில் ஷ்பேர் நேரிலேயே போனார். அதை நூலிலும் எழுதுகிறார், ஒரு நிர்வாகப் பிரச்சினையைப் பார்வையிட்டு வந்தவர்போல.

எங்கள் தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் முத்துக்குளிக்க இறங்கியவரின் கயிற்றைத் தோணியில் மச்சான்தான் பிடித்திருந்தார் என்பார்கள். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருந்தது. கீழே மூச்சு முட்டுவது பிடித்திருக்கும் கைக்குத் தெரியும். 'எனக்குத் தெரியாது' என்று கரையில் வந்து சொன்னால் ஊர் கேட்குமா?

ஷ்பேர் சொன்னபோது உலகம் கேட்டது. 1943 அக்டோபரில் போஸன் நகரில் ஹிம்லர் யூத அழிப்பை வெளிப்படையாகவே பேசினார். அதற்கு முன்பே கிளம்பிவிட்டேன் என்று பொதுவெளியில் கடைசிவரை சாதித்தார் ஷ்பேர். 1981இல் இறந்தார். 1971இல் அவர் எழுதிய ஒரு தனிக்கடிதம் 2007இல் வெளிவந்தது. அங்கே இருந்தேன் என்று அதில் அவரே எழுதியிருக்கிறார்.

நூலை வாசியுங்கள். நன்றாக எழுதப்பட்ட நூல்தான்; அதனாலேயே கவனமாக வாசிக்க வேண்டும். 'நான் பொறுப்பு' என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திக் கேளுங்கள்: எதற்கு? எந்த நாளில்? எத்தனை பேருக்கு?