விண்டோஸ் 11 ஹோம்: அப்டேட்டோடு வந்து சேரும் வேறு சரக்குகள்

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடுகிறது. 2003-லிருந்து நடக்கும் வழக்கம் இது. நமக்கு அப்போது இரவு பத்தரை. அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்றரை. ஆக, புதன்கிழமை காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போடுகிறவர்தான் அதை முதலில் எதிர்கொள்கிறார். பில் போட வேண்டிய நேரத்தில் திரையில் வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும், ‘கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்’ என்ற எச்சரிக்கையோடு. எதிரே ஆள் நின்றுகொண்டிருப்பார்.

விண்டோஸ் 11-இன் வேகம், அழகு, பேட்டரி பற்றியெல்லாம் நிறைய எழுதியாகிவிட்டது. நடுத்தர விலை லேப்டாப்களில் பெரும்பாலும் போட்டுத் தரப்படும் ஹோம் பதிப்பை எடுத்துக்கொண்டு, இரண்டே கேள்விகளுக்கு விடை தேடினேன். அப்டேட் எப்போது ஏற வேண்டும் என்று முடிவு செய்வது யார்? இந்த மெஷினிலிருந்து என்னென்ன வெளியே போகிறது?

இரண்டாவது கேள்விக்கான விடை முதல் அரை மணி நேரத்திலேயே கிடைக்கத் தொடங்கிவிடுகிறது. புது லேப்டாப்பைத் திறந்து மொழி, நாடு, வைஃபை எல்லாம் கொடுத்து முடித்ததும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கிறது. கணக்கில்லாமல், இன்டர்நெட்டும் இல்லாமல் உள்ளே போக ஒரு குறுக்குவழிக் கட்டளை இருந்தது. 2025-இல் சோதனைப் பதிப்புகளிலிருந்து அதையும் நீக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதைத் தாண்டியதும் தனியுரிமைப் பக்கம் வருகிறது. இருப்பிடம், தொலைந்த கம்ப்யூட்டரைக் கண்டுபிடிப்பது, பழுதறியும் தகவல், கையெழுத்தும் தட்டச்சும், ஆளுக்கேற்ற பரிந்துரைகள், விளம்பர அடையாள எண் என்று ஆறு சுவிட்சுகள். நம் ஊர் அமைப்பில் ஆறும் ‘ஆம்’ நிலையிலேயே காத்திருக்கின்றன. திரையில் ஒரே நேரத்தில் எல்லாம் தெரிவதில்லை. கீழே இருக்கும் பொத்தானை அழுத்தினால் பக்கம் நகர்கிறது. கடைசியில் அதே பொத்தான் ‘ஏற்கிறேன்’ என்று மாறி நிற்கிறது. அவசரத்தில் இருப்பவர் ஒரே இடத்தில் கிளிக் செய்துகொண்டே போனால் ஆறுக்கும் சம்மதம் கொடுத்தவராகிவிடுவார். புது லேப்டாப் வாங்கிய அன்று யார்தான் அவசரத்தில் இல்லை?

இந்த ஆறில் மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழுதறியும் தகவலில் இரண்டு நிலை உண்டு. கட்டாயத் தகவல் என்பது மெஷினின் மாடல், உள்ளே இருக்கும் பாகங்கள், டிரைவர்கள், அப்டேட் சரியாக ஏறியதா இல்லையா போன்றவை. ஹோம் பதிப்பிலும் புரோ பதிப்பிலும் இதை நிறுத்த வழியில்லை. பெரிய நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்குமான பதிப்புகளில் மட்டும் நிறுத்தலாம். விருப்பத் தகவல் இன்னொரு நிலை. அந்த சுவிட்ச் ‘ஆம்’ என்று இருந்தால் எந்தெந்தச் செயலியை எப்படிப் பயன்படுத்துகிறோம், எட்ஜ் உலாவியில் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதும் சேர்ந்து போகும். ஒரு செயலி நின்றுபோனால் அந்த நேரத்து நினைவகத்தின் பிரதியும் போகலாம். நீங்கள் திறந்து வைத்திருந்த ஃபைலின் பகுதிகள் தவறுதலாக அதில் அடங்கியிருக்கக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட்டே தன் விளக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஆடிட்டர் அலுவலகத்திலும் டாக்டரின் மேசையிலும் இருக்கும் கம்ப்யூட்டர்களை நினைத்துப் பாருங்கள். அங்கே திறந்திருப்பது இன்னொருவருடைய வரிக் கணக்கு, இன்னொருவருடைய நோய்.

போவது என்ன என்பதை நாமே பார்க்க ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். செட்டிங்ஸில் தனியுரிமைப் பிரிவுக்குள் பழுதறியும் தகவல் பக்கத்தில், தகவலைக் காட்டு என்ற சுவிட்சைப் போட்டு, ஸ்டோரிலிருந்து ஒரு சிறு செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும். டிஸ்கில் 1 ஜிபி வரை இடம் பிடிக்கும். திறந்தால் இடப்பக்கம் நிகழ்வுகளின் நீண்ட பட்டியல், வலப்பக்கம் அடைப்புக்குறிகளும் எண்களும் நிறைந்த ஆங்கிலக் குறிப்புகள். விருப்பத் தகவலை அணைத்த பிறகும் பட்டியல் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. மறைக்காமல் காட்டுவது பாராட்டத்தக்கது. ஆனால் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் புரிகிற வடிவில் காட்டுவது கடைக்காரருக்கும் கல்லூரி மாணவிக்கும் எதையும் காட்டாததற்குச் சமம்தான். அனுப்பிய தகவலை அழிக்க ஒரு பொத்தானும் அதே பக்கத்தில் இருக்கிறது. அதை ஒருமுறை அழுத்திவிடுங்கள்.

இதெல்லாம் வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. விண்டோஸ் 10 தேவைக்கு மேல் தகவல் திரட்டுகிறது என்று பிரான்சின் தனியுரிமை ஆணையம் 2016 ஜூலையில் அதிகாரபூர்வமாக நோட்டீஸ் கொடுத்தது. 2017 அக்டோபரில் நெதர்லாந்தின் ஆணையம், பயனாளருக்குத் தெளிவாகச் சொல்லாமல் தகவல் எடுப்பது சட்டமீறல் என்றது. சேகரிப்பு குறைந்ததும், மேலே சொன்ன பார்வைக் கருவி வந்ததும் இப்படிப்பட்ட நெருக்கடிகளுக்குப் பிறகுதான்.

இனி அப்டேட். ஹோம் பதிப்பில் அதிகபட்சம் 5 வாரம் தள்ளிப்போடலாம். அந்தக் கெடு முடிந்தால் ஏற்றிக்கொண்டுதான் ஆக வேண்டும். அதன் பிறகே மறுபடி தள்ளிப்போட முடியும். வேலை நேரம் என்று ஒரு நாளில் 18 மணி நேரம் வரை குறித்து வைத்தால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. இந்த இரண்டும் உருப்படியான வசதிகள். விண்டோஸ் 10 வெளிவந்த புதிதில் ஹோம் பதிப்புக்காரர்களுக்குத் தள்ளிப்போடும் வசதியே கிடையாது, 2019 மே அப்டேட்டில்தான் வந்தது. அதே அப்டேட்டில்தான் தமிழ் ஒலிப்பு விசைப்பலகையும் வந்தது. ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்து தமிழில் பெற, அதன்பின் தனி மென்பொருள் தேட வேண்டியிருக்கவில்லை. நல்லதும் இந்தக் குழாய் வழியாகத்தான் வருகிறது.

பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது. 2023 இறுதியில் கோபைலட் என்ற ஏஐ உதவியாளரின் பொத்தான் டாஸ்க்பாரில் வந்து உட்கார்ந்தது அப்டேட் வழியாகத்தான். 2024 ஏப்ரலில் வந்த ஓர் அப்டேட்டோடு ஸ்டார்ட் மெனுவில் ஸ்டோர் செயலிகளின் பரிந்துரை தெரிய ஆரம்பித்தது. பரிந்துரை என்பது அவர்கள் வைத்த பெயர், நான் விளம்பரம் என்றே சொல்வேன். பெரிய அப்டேட்டுகளுக்குப் பிறகு சில சமயம் திரை முழுக்க ஒரு பக்கம் வந்து, கம்ப்யூட்டர் அமைப்பை முடித்துவிடலாம் வாருங்கள் என்று அழைத்து, ஒன்டிரைவையும் எட்ஜையும் மைக்ரோசாஃப்ட் 365-ஐயும் நீட்டுகிறது. தொடரலாம், அல்லது 3 நாள் கழித்து நினைவூட்டச் சொல்லலாம். வேண்டவே வேண்டாம் என்பதற்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும்போதே டீத்தூளையும் லைட்டரையும் தலையில் கட்டப் பார்க்கிறவரை நமக்குத் தெரியும். சிலிண்டர் அவசியம் என்பதால்தான் அவரைத் திருப்பி அனுப்ப முடிவதில்லை.

இந்த அவநம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. விண்டோஸ் 10 வெளியான 2015 ஜூலை 29 முதல் ஓராண்டு இலவச மாற்றம் என்று அறிவித்தவர்கள், விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களை விடாமல் துரத்தினார்கள். 2016 மே மாதத்தில் அந்த அறிவிப்புப் பெட்டியின் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நேரத்தில் மாற்றம் நடக்கும் என்று வைத்திருந்தார்கள். மூடுவதென்றால் வேண்டாம் என்பதுதான் பொருள் என்று அத்தனை ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் உலகமே பழகியிருந்தது. கேட்காமல் ஏறிய மாற்றத்தால் தன் கம்ப்யூட்டர் பாழாகித் தொழில் கெட்டதாக கலிஃபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் செய்யும் ஒருவர் வழக்குப் போட்டு 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். பிறகு 2018 அக்டோபர் அப்டேட். அது ஏறிய சில கம்ப்யூட்டர்களில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலிருந்த ஃபைல்கள் அழிந்தே போயின. சோதித்துப் பார்த்த பயனாளர்களில் சிலர் முன்கூட்டியே புகார் எழுதியிருந்தும் கவனிக்கப்படாமல் வெளியான அப்டேட் அது. சில நாளில் நிறுத்திவைத்து, நவம்பர் 13-ஆம் தேதி சரிசெய்து மறுபடி விட்டார்கள்.

இதன் விளைவை நம் ஊரில் தினமும் பார்க்கலாம். சர்வீஸ் கடையில் சொல்லி அப்டேட்டை மொத்தமாக நிறுத்திவிட்டேன், இப்போது நிம்மதி என்கிறவர்கள் எத்தனையோ பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற தீங்கு மென்பொருள், பிரிட்டன் மருத்துவமனைகளைக்கூட முடக்கிப்போட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை அதை ஏற்றாமல் விட்ட விண்டோஸ் 7 மெஷின்கள். பாதுகாப்பு அப்டேட் வேறு, விளம்பரமும் புதுப் பொத்தான்களும் வேறு. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புகிற வழக்கம்தான் ஜனங்களைப் பாதுகாப்பிலிருந்தே விரட்டியடிக்கிறது. என் மிகப் பெரிய புகார் இதுதான்.

பிரிக்கவே முடியாதா என்றால், முடியும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப்பும் ஓரளவு புதிய பிராசசரும் கட்டாயம் என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் மாற முடியாமல் நிற்கின்றன. அவற்றுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் கொடுக்க ஒரு திட்டம் அறிவித்தார்கள். புதுப் பொத்தான் எதுவும் இல்லாமல் வெறும் பாதுகாப்பு. ஆனால் அதற்கு விலை: 30 டாலர், அல்லது மைக்ரோசாஃப்ட்டின் 1,000 வெகுமதிப் புள்ளிகள், அல்லது உங்கள் கம்ப்யூட்டர் அமைப்புகளை அவர்களுடைய கிளவுடில் சேமிக்கச் சம்மதம். மூன்றில் எதைத் தேர்ந்தாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாக வேண்டும். காசு இல்லையென்றால் தகவலைக் கொடு என்பது இதைவிட வெளிப்படையாக வேறெப்படி இருக்கும்? ஐரோப்பாவில் யூரோகன்ஸ்யூமர்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் கிளவுட் நிபந்தனையை எடுத்துவிட்டு இலவசமாகவே தந்தார்கள். கணக்கு மட்டும் போதும் என்றார்கள். அதே மென்பொருள், அதே அப்டேட்தான். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் என்பது நிபந்தனையின்றி, தெளிவான செயல் மூலம் தரப்பட வேண்டும் என்கிறது. முன்கூட்டியே ‘ஆம்’ என்று திருப்பி வைத்த ஆறு சுவிட்சுகளை அந்த அளவுகோலால் யாராவது அளந்து பார்க்க வேண்டும்.

ரீகால் பற்றியும் கேட்கிறார்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து வைத்துத் தேட உதவும் அந்த வசதி, 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டபோது தானாகவே இயங்கும் என்றிருந்தது. சேமித்ததை எளிதில் திருடலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டியதும் பின்வாங்கி, மறையாக்கம் சேர்த்து, நாமாக இயக்கினால் மட்டும் என்று மாற்றி, 2025 ஏப்ரலில் வெளியிட்டார்கள். சிக்னல் செயலி அதை நம்பவில்லை. தன் உரையாடல்கள் தெரியும் திரையைப் படம் பிடிக்க முடியாதபடி மறுமாதமே தடுத்துவிட்டது. ரீகாலுக்குத் தனி ஏஐ சிப் உள்ள விலையுயர்ந்த லேப்டாப் வேண்டும் என்பதால் பெரும்பாலானோருக்கு இப்போதைக்குக் கவலையில்லை.

ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. தனியுரிமைப் பிரிவில் விருப்பத் தகவல், ஆளுக்கேற்ற பரிந்துரை, விளம்பர எண் மூன்றையும் அணையுங்கள். கையெழுத்து, தட்டச்சுக்கான சுவிட்சையும் அணையுங்கள். தமிழில் தட்டச்சு செய்வதற்கு அது தேவையில்லை. நோட்டிஃபிகேஷன் பக்கத்தின் அடியில் கூடுதல் அமைப்புகளுக்குள், கம்ப்யூட்டர் அமைப்பை முடிக்கச் சொல்லி வரும் யோசனைகளை நிறுத்தலாம். திரையை மறைக்கும் அந்தப் பக்கம் அதோடு ஓயும். அப்டேட் பக்கத்தில், புதியவை தயாரானதும் உடனே வேண்டும் என்ற சுவிட்ச் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். பாதுகாப்பு அப்டேட் நிற்காது. ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள் அந்த இணைப்பை அளவுள்ள இணைப்பு என்று குறித்துவைத்தால் டேட்டா மிஞ்சும். கடையில் வைத்திருப்பவர்கள் வேலை நேரத்தைக் கடை நேரத்துக்கு ஏற்றபடி கையால் குறியுங்கள். அப்டேட் வெளியாகும் செவ்வாய் இரவு கடையைச் சாத்தும்போது கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டுவிட்டு, புதன் இரவு நீங்களாகவே ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

விண்டோஸை விட்டு லினக்ஸ் மின்ட்டுக்குப் போய்விடுங்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள். கட்டுரை எழுத, பாடம் படிக்க, இன்டர்நெட் பார்க்க மட்டும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு நானும் அதையே சொல்வேன்: அப்டேட் வந்திருப்பதைச் சொல்லும், ஏற்றுவது நம் கையில், தமிழும் நன்றாக வருகிறது. ஆனால் கடைக் கணக்குக்கான டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. பழைய எழுத்துருக்களோடு பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் டிடிபி கடைக்காரரும் அசைய முடியாது. நாளெல்லாம் இந்த மெஷினை நம்பிப் பிழைக்கும் அவர்களுக்குத்தான் வேறு வழி இல்லை, அவர்கள் வாங்குவதோ பெரும்பாலும் ஹோம் பதிப்பு. புதிதாக வாங்கும்போது கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் புரோ வாங்குங்கள். பெரிய மாற்றங்களை அதில் 365 நாள் வரை தள்ளிவைத்துவிட்டு, மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் ஏற்றிக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு வசதியை ஹோமுக்கும் கொடுக்கும்வரை ஹோம் பதிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.