குடவோலைக்குச் சரியான விடை எது?

தொடக்கப் பள்ளிச் சுவர்களில் கற்றல் விளைவுகள் பட்டியல் வாய்ப்பாட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டது. 2017-இல் கல்வி உரிமைச் சட்ட விதிகளிலேயே அதைச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து ஆதரவாளர்களின் வாதம் ஒன்றுதான்: அளக்க முடிகிற இலக்கு இருந்தால்தான் பிள்ளை என்ன கற்றது என்று தெரியும். கணக்குக்கு இது சரி. வரலாற்றையும் புவியியலையும் அதே படியால் அளக்கப் போனதில்தான் கோளாறு.

நல்லதையும் சொல்லிவிடலாம். "போர்ஷன் முடிஞ்சுதா?" என்பதே ஆய்வு அதிகாரியின் முதலும் கடைசியுமான கேள்வியாக இருந்த இடத்தில் பிள்ளையைப் பற்றிய கேள்வி வந்தது முன்னேற்றம். என்சிஇஆர்டியின் 2017 ஆவணமும் மோசமில்லை. நாணயம், ஓவியம், நினைவுச்சின்னம், பெரியவர்களின் பேச்சு வழியே அன்றைக்கும் இன்றைக்குமான மாற்றத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கண்டறிய வேண்டும் என்கிறது.

கேட்க இனிக்கிறது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வில் மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளுக்குக் கொடுத்தது மொழி, கணக்கு, சூழ்நிலையியல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 45 கொள்குறி வினாக்கள். பாட்டியிடம் கதை கேட்டு வந்த பிள்ளையும் கேட்காத பிள்ளையும் அந்தத் தாளில் ஒன்றுதான். தேர்வில் வராதது வகுப்பிலும் வராது என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும்.

அப்படிக் கழன்று விழுவது ஒரு கேள்வி: "இது நமக்கு எப்படித் தெரியும்?"

உத்திரமேரூரைப் பார்க்கலாம். குடவோலை முறை, முதலாம் பராந்தகன், பத்தாம் நூற்றாண்டு: மூன்றும் ஒரு மதிப்பெண் விடைகள். பெயர் எழுதிய ஓலைகளைப் பானையிலிட்டுச் சபைக்கு ஆள் எடுத்த அந்த முறையின் விதிகள் ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. பானையிலிருந்து ஓலையை எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவன். ஓலையில் பெயர் ஏற, வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் சபையின் தேர்தல். "உங்க தாத்தாவோட தாத்தா பேர் அந்தப் பானையில இருந்திருக்குமா?" என்று ஆசிரியர் கேட்டால் நான்காம் வகுப்பே வாய் திறக்கும். இப்போது அதற்குக் கிடைப்பது, அந்தக் காலத்திலேயே நமக்கு ஜனநாயகம் இருந்தது என்ற பெருமை மட்டும்.

புவியியலின் கதையும் இதுதான். சுவர் வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதால், வடக்கைக் காட்டச் சொன்னால் கூரையைக் காட்டும் பிள்ளைகள் உண்டு. நான்கு திசையையும் ஒப்பித்துவிட்டதால் ஏட்டில் அவர்கள் இலக்கை எட்டியவர்கள். பள்ளிக்குப் பின்னால் ஏரி இருந்தால் மடை எது, கலுங்கு எது, வரத்துக்கால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவர ஒரு மதியம் போதும். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, ஏன் என்பதும் அங்கேயே விளங்கும். அந்த மதியத்துக்கு டிக் போடத்தான் பட்டியலில் கட்டம் இல்லை.

ஒரே அளவுகோல் இல்லாவிட்டால் கிராமத்துப் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பதில் வரும். தருமபுரி, செங்கம் பக்கத்தில் நடுகல்லைக் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கல்லில் யார், எதற்காகச் செத்தார் என்று கேட்கவிடாமல் உள்ளே உட்காரவைத்து, நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கச் சொல்வதற்குத்தான் சமவாய்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.